முப்பத்தேழாம் எண் கட்டிடம்

ஐதராபாத்
16.06.2024

மரியே வாழ்க.

அன்புத் தம்பி ஆண்டோவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். சசிகலா கட்டிக் கொடுத்த புளிச்சோறு கர்னூல் வரைக்கும் தாங்கியது. அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? ஜெர்லின் நாலாம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாளா, இல்லை முதல் வாரமே வயிற்றுவலியா? எழுது.

வந்ததும் வராததுமாக வேலையைப் பேசுகிறாளே என்று முகம் சுளிக்காதே. ஆட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் நாம் குழி வெட்டி இறக்கிய கருவிதான் இப்போது என் சோறு. பல கோடி வருஷத்துக்கு முன்னால் பூமி இழுபட்டு விலகிய பிளவு ஒன்று நம் மாவட்டத்துக்கு அடியில் கிடக்கிறது. அது செத்துப்போனதா, தூங்குகிறதா என்று சொல்ல எங்களிடம் இருப்பது மொத்தம் மூன்று கருவி. ஒன்று உன் வீட்டில். இன்னொன்று அரூரில் காசிம் பாய் என்கிற பாய் வியாபாரியின் கிடங்கில். மூன்றாவது தருமபுரியில். இதை வைத்துக்கொண்டு டிசம்பருக்குள் அறிக்கை எழுத வேண்டும். முழம் போட்டு மலையை அளக்கிற கதைதான்.

மாதம் ஒருமுறை கருவியிலிருந்து மெமரி கார்டை எடுத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பு. கூடவே நான் கொடுத்த நோட்டில் தேதி, நேரம், காரணம் என்று மூன்று கட்டம் இருக்கிறதல்லவா, தரை அதிர்கிற மாதிரி எது நடந்தாலும் அதில் எழுது. டிப்பர் லாரி, போர் வண்டி, கேழ்வரகு அடிப்பது, எதுவானாலும். காரணம் தெரியாத அதிர்வுதான் எனக்கு வேண்டியது. தெரிந்ததை எல்லாம் கழித்தால்தான் அது கிடைக்கும்.

அப்புறம் அந்த அறுபத்துநாலு படிவம். மரியான்கொட்டாயில் உள்ள கட்டிடம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. சுவர் என்ன, கூரை என்ன, ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் நாலு சுவரையும் சுற்றிக் கம்பி போட்ட கான்கிரீட் பெல்ட் ஓடுகிறதா. நீ மேஸ்திரி, சுவரைத் தட்டிப் பார்த்தே வயசு சொல்லுகிறவன். உனக்கு இது ஒரு வேலையா?

போனில் சொல்லலாமே என்பாய். மேட்டில் ஏறி நின்றால்தான் டவர், கிடைத்தாலும் "ம்", "செரி", "வெச்சிடட்டுமாக்கா" தவிர உன் வாயில் ஒன்றும் வராது. எழுது. எழுதினால்தான் நீ மனுஷன்.

அம்மாவுக்கு என் முத்தம்.
உன் அக்கா,
ஆக்சிலியா

*

மரியான்கொட்டாய்
ஏரியூர் வழி
05.07.2024

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் மாதா புண்ணியத்தில் நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்து வாய் வீக்கம் கூடியிருக்கிறது, காலையிலிருந்து பேச்சுதான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

முதல் கார்டு இத்துடன். நோட்டும் எழுதியிருக்கிறேன். உன் கருவியால் என் மானம் போகிறது அக்கா. நீ தங்கம் தேடுகிறாய் என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள், தண்ணீர் என்று மீதிப் பேர். நேற்று ராஜாமணி அக்கா வந்து நின்றுகொண்டு, "ஏன் ஆண்டோ, ஒங்கக்கா மிசினு எங்க காட்டுலயும் ஒரு வாட்டி வெச்சிப் பாக்குமா? ரெண்டு போரு போட்டும் பொகைதான் வருது" என்கிறது. நான் என்ன சொல்ல? "அது பூமி ஒதர்றதப் பாக்குற மிசினுங்க" என்றேன். "ஆமா, பூமி ஒதர்றது ஒண்ணுதான் பாக்கி" என்று போய்விட்டது.

ஜூன் 28ஆம் தேதி பக்கத்துக் காட்டில் போர் வண்டி வந்தது. உனக்குச் சுத்தமான கணக்கு வேண்டும் என்று அன்று முழுக்கக் கருவியை அணைத்து வைத்திருந்தேன். பார்த்தாயா, தம்பிக்கு எவ்வளவு பொறுப்பு.

படிவம் நாற்பது முடிந்தது. அக்கா, ஒன்று சொல்லட்டுமா? இந்தக் கொட்டாயில் பெல்ட் போட்ட வீடு ஒன்பதுதான். ஒன்பதும் நான் கட்டியது. காலர் தூக்கிக்கொள்ளலாமா?

ஜெர்லின் உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள். ஆடு மாதிரி இருப்பதுதான் கருவி.

இப்படிக்கு,
உன் தம்பி ஆண்டோ

*

ஐதராபாத்
19.07.2024

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். ஜெர்லினின் படத்தை மேஜையில் ஒட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் நல்ல ஆடு என்கிறார்கள். அம்மா பேசட்டும், பேசுகிற வரைக்கும் கவலை இல்லை.

அட கிறுக்கா, கருவியை அணைக்கச் சொன்னது யார்? ஜூன் 28 காலை பதினொன்று பன்னிரண்டுக்கு ஒரு சின்ன நில அதிர்வு. அரூரிலும் தருமபுரியிலும் பதிவாகியிருக்கிறது. காசிம் பாய் ஒழுங்காக எழுதியிருக்கிறார், "பாய்க்கட்டு சரிந்தது, பூனை ஓடிற்று" என்று. உன் வீட்டுக் கார்டில் மட்டும் வெள்ளைத்தாள். மூன்றில் ஒன்று இல்லையென்றால் அது எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. போர் வண்டி ஓடட்டும், ஊரே ஆடட்டும், கருவி ஓட வேண்டும். இனிமேல் தொடாதே.

இங்கே எல்லோரும் என்னைக் கேட்பது ஒன்றுதான்: பெரிசாக வருமா, வராதா? தெரியாது என்றால் சம்பளம் எதற்கு என்கிற மாதிரி பார்க்கிறார்கள். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒன்று வந்தது. நம் பக்கத்துக்குக் கோயில் ஏடுகளிலும் பழைய பேப்பரிலும் தேடிப் பத்து வரி கிடைத்திருக்கிறது. பத்து வரியை வைத்து நான் யாருக்கும் தைரியம் சொல்ல முடியாது, பயமும் சொல்ல முடியாது. ஆனால் எந்தச் சுவர் தாங்கும், எது தாங்காது என்று சொல்லலாம். அதனால்தான் உன் படிவங்கள்.

நீ பிறகு அனுப்பிய மீதிப் படிவங்களும் வந்தன. அருமையாக எழுதியிருக்கிறாய், காலர் தூக்கிக்கொள். ஆனால் எண்ணிப் பார்த்தேன், அறுபத்துமூன்று. முப்பத்தேழாம் எண் இல்லை. வரைபடத்தில் பார்த்தால் அது நம் கோயில் பள்ளிக்கூடம். விழுந்துவிட்டதா, விட்டுவிட்டாயா? ஆள் கூடுகிற கட்டிடம்தான் முதலில் வேண்டும். நீயே கட்டினது, கண்ணை மூடிக்கொண்டு நிரப்பலாம். அடுத்த கார்டோடு அனுப்பு.

உன் அக்கா,
ஆக்சிலியா

*

மரியான்கொட்டாய்
09.08.2024

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்துக்கு நேற்றுத்தான் மெழுகுவர்த்தி ஏற்றினோம், அம்மா நேர்ந்துகொண்டதாம், எதற்கென்று சொல்லவில்லை. கல்யாணத்துக்காக இருக்கும், ஜாக்கிரதை.

இரண்டாவது கார்டு இத்துடன். நீ திட்டியதிலிருந்து கருவிப் பக்கமே யாரையும் விடுவதில்லை. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் கால் வைக்க இடம் இல்லையாம், காவிரியில் அவ்வளவு தண்ணீர். ஏரியூரில் இரண்டு வீடு ஒத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றுக்கு அடித்தளம் முடிந்தது. சின்ன ஆட்டுக்கு இரட்டைக் குட்டி, ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. வெள்ளைக்கு உன் பெயர் வைக்கலாம் என்றாள் ஜெர்லின், நான்தான் தடுத்தேன்.

பெருமாள் கோயில் மேட்டில் டவர் வைக்கப் போகிறார்களாம். மூன்று வருஷமாக வைக்கப் போகிறார்கள். சசிகலாவுக்குத் தையல் மிஷின் வாங்கியிருக்கிறேன். அவள் ஓட்டுகிற நேரத்தையும் நோட்டில் எழுதியிருக்கிறேன், கழித்துக்கொள்.

அக்கா, சும்மா ஒன்று கேட்கிறேன். ஏரியூரில் ஒருத்தர் கேட்டார். பெல்ட் இல்லாத சுவர், நீளம் இருபத்தெட்டு அடி, மேலே கான்கிரீட் தளம், அது எவ்வளவு அதிர்ச்சி தாங்கும்? பூச்சு நன்றாகத்தான் இருக்கிறது, விரிசல் ஒன்றும் இல்லை. பதினோரு வருஷமாக நிற்கிறது. அவருக்குச் சொல்ல வேண்டும், அதனால் எழுது.

இப்படிக்கு,
தம்பி ஆண்டோ

*

ஐதராபாத்
24.08.2024

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு,

சுகம். அம்மாவிடம் சொல், மெழுகுவர்த்தி வீண். கறுப்புக் குட்டிக்கு ஆண்டோ என்று வைத்துவிடு, கணக்குச் சரியாகும்.

உன் ஏரியூர்க்காரருக்கு நேராகவே சொல்லிவிடு. பூச்சு என்பது முகப்பவுடர். விரிசல் இல்லை என்பது இதுவரை யாரும் அதைச் சோதிக்கவில்லை என்பதுதான். பெல்ட் இருந்தால் நாலு சுவரும் கைகோத்து நிற்கும். இல்லையென்றால் ஆளுக்கொரு பக்கம் ஆடும். முதலில் மூலை பிரியும். பிறகு அந்த இருபத்தெட்டு அடிச் சுவர் வெளியே சாயும். பிடிமானம் போன தளம் நேராகக் கீழே வரும். எவ்வளவு பெரிய அதிர்ச்சிக்கு என்றால், மற்ற வீடுகளில் ஓடு மட்டும் சரியக்கூடிய அளவுக்கே அது விழலாம். உள்ளே இருப்பவர்கள் எழுந்து ஓட நேரம் இருக்காது.

அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? எத்தனை பேர்? அதை நீ எழுதவில்லை.

முப்பத்தேழாம் படிவமும் வரவில்லை. என் கேள்விக்கு நீ பதிலே எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். டிசம்பர் அறிக்கையின் கடைசியில் பலப்படுத்த வேண்டிய பொதுக் கட்டிடங்கள் என்று ஒரு பட்டியல் போகும். பட்டியலில் இருப்பதற்கு ஆள் வருவார்கள், வேலை நடக்கும். இல்லாததை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது என்றால் அதையும் எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

உன் அக்கா,
ஆக்சிலியா

*

மரியான்கொட்டாய்
13.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். கார்டு இத்துடன்.

செப்டம்பர் 3ஆம் தேதி பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு ஒரு அதிர்வு. நான் ஏரியூரில் சாரத்தின் மேல் இருந்தேன், சாரம் கிறீச்சென்றது. வீட்டில் தண்ணீர்க் குடம் ததும்பியதாம். பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தலைமையாசிரியை சிஸ்டர் சொன்னார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

இந்த மாதம் நோட்டு சரியாக எழுத முடியவில்லை. வேலை.

ஆண்டோ

*

ஐதராபாத்
30.09.2024

ஆண்டோ,

அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று உன் கடிதத்தில் இல்லை. 'மரியே வாழ்க'கூட இல்லை. நான் நலம், ஆனால் கோபத்தில் இருக்கிறேன், அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

செப்டம்பர் 3ஆம் தேதி அதிர்வு எங்கே பிறந்தது என்று கணக்குப் போட்டால் மூன்று கருவியும் ஒத்துப்போகவில்லை. பன்னிரண்டு நாள் போட்டேன். கடிகாரத்தைச் சந்தேகப்பட்டேன், என்னையே சந்தேகப்பட்டேன், பாவம் காசிம் பாயைக்கூடச் சந்தேகப்பட்டேன். நேற்றுத்தான் உன் கார்டை முதலிலிருந்து பொறுமையாகப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 31 சனிக்கிழமை காலை பத்திலிருந்து மாலை நாலு வரை வெறுமை. அதற்குப் பிறகு வேறு வீடு. விடிகாலை ஐந்தே காலுக்கு ஆடுகள் எழுந்து குளம்பு தட்டுமே, அது இல்லை. சசிகலாவின் தையல் மிஷின் இல்லை. பதிலாகத் திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்பது இருபதுக்கு ஒரு நடுக்கம். பத்து ஐம்பதுக்கு ஒன்று. பன்னிரண்டரைக்குத் தடதடவென்று. நாலு பத்துக்கு அதைவிடப் பெரிதாக. சனி ஞாயிறு கல்லறை மாதிரி. எண்பத்தாறு பிள்ளைகள் ஓடுவது எனக்குத் தெரியாதா? கருவி பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

அந்தப் பழைய கருவிக்கு நேரம் மட்டும்தான் தெரியும், தான் இருக்கிற இடம் தெரியாது. நீ சொல்கிற இடத்தைத்தான் நான் நம்புகிறேன். இரண்டு கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தால் இந்த மாதக் கணக்கு முழுக்கப் பொய். பன்னிரண்டு நாள் உழைப்பை ஆட்டுக்குப் போட்ட தழை மாதிரி ஆக்கிவிட்டாய். கருவியை அங்கே வைக்க நான் சொன்னதாகச் சிஸ்டரிடம் சொல்லியிருப்பாய், இல்லையா?

நீ சோம்பேறி இல்லை, கிறுக்கனும் இல்லை. காரணம் இல்லாமல் செய்திருக்க மாட்டாய். உன் நோட்டில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. எழுது.

ஆக்சிலியா

*

மரியான்கொட்டாய்
28.10.2024

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு சசிகலா எழுதுவது. இங்கு அத்தை சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நான் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அவர் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். துவைக்கப் போடும்போது எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றிக்கொள்கிறார். என்னங்க எழுதியிருக்காங்க என்று கேட்டால், "ஒண்ணுமில்ல போ" என்கிறார். தினம் சாயந்திரம் பள்ளி விட்ட பிறகு அங்கே போய்ச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். ஏரியூர் வேலைக்கும் ஒழுங்காகப் போகவில்லை. அத்தை, பேய் பிடித்திருக்கிறது, பங்குச் சாமியாரிடம் மந்திரிக்க வேண்டும் என்கிறது.

அண்ணி, இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து அவர் ஜெர்லினை அனுப்பவில்லை. சிஸ்டர் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். "காய்ச்சல்னு சொல்லு" என்றார். முதல் வாரம் சொன்னேன். இரண்டாம் வாரமும் சொன்னேன். மூன்று வாரக் காய்ச்சலை யார் நம்புவார்கள்? பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள், ஆட்டுக்குட்டியோடு ஓடுகிறாள். நேற்று நான் சண்டை போட்டேன். "எல்லாப் புள்ளைங்களும் போவுது, நம்ம புள்ளைக்கு மட்டும் என்னாங்க கேடு?" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு அழுதார் அண்ணி. கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் ஏதாவது இருக்கிறதா? உங்களுக்குத் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். ராஜாமணி அக்காவின் இரண்டு பிள்ளைகளும் தினம் என் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது.

இப்படிக்கு,
சசிகலா

*

ஐதராபாத்
02.11.2024
கல்லறைத் திருநாள்

ஆண்டோ,

அப்பா கல்லறைக்கு மாலை போட்டிருப்பாய். நான் இங்கேயே வேண்டிக்கொண்டேன்.

சசிகலா எழுதினாள். அவளைக் கோபிக்காதே. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏரியூர்க்காரர் யார், இருபத்தெட்டு அடிச் சுவர் எது, கருவி ஏன் இடம் மாறியது, எல்லாம். பள்ளிச் சுவரைப் பற்றிக் கருவி நல்ல வார்த்தை சொல்லும் என்று அதைக் கொண்டுபோய் அங்கே வைத்தாய். அது யாருக்கும் நல்ல வார்த்தை சொல்லாது தம்பி. அடித்தால் அடித்தது என்று மட்டும் எழுதும்.

நீ செய்த முதல் தப்பை நான் மன்னித்துவிடுவேன், அப்போது உனக்கு இருபத்திரண்டு வயசு. ஆனால் உன் மகளை மட்டும் வீட்டில் நிறுத்திவிட்டு மற்ற எண்பத்தைந்து பேரையும் உள்ளே அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாயே, அதை எப்படியடா மன்னிப்பேன்?

இத்துடன் வெற்றுப் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். எண் 37 என்று மட்டும் எழுதியிருக்கிறேன். இங்கிருந்தே என்னால் நிரப்ப முடியும். நிரப்ப மாட்டேன். குறிப்பிட்ட ஒரு நாளில் பெரிய அதிர்ச்சி வருகிற வாய்ப்பு மிக மிகச் சின்னது. அந்தச் சின்ன வாய்ப்பை நம்பித்தான் உனக்கு இந்த ஒரு வாரம் தருகிறேன். அதுவே என் தூக்கத்தைக் கெடுக்கிறது. பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குள் நீ சிஸ்டரிடம் சொல்லவில்லையென்றால் பதினோராம் தேதி காலையில் நான் போன் செய்து சொல்லிவிடுவேன். உன் அக்காவாக இல்லாமல், இந்த வேலை பார்க்கிறவளாக.

ஜெர்லினுக்கு முத்தம்.
ஆக்சிலியா

*

மரியான்கொட்டாய்
12.11.2024

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா, சசிகலா, ஜெர்லின் நலம். நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

படிவம் இத்துடன் இருக்கிறது. பெல்ட் என்ற இடத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறேன். கட்டியவர் என்ற இடத்தில் என் பெயர்.

முழுசாகச் சொல்லிவிடுகிறேன். 2013இல் எனக்கு அதுதான் முதல் பெரிய வேலை. அந்தோணியார் திருநாளுக்குப் பள்ளியை மந்திரித்துத் திறக்க ஆயர் தேதி கொடுத்துவிட்டார். பத்திரிகை அடித்தாகிவிட்டது. லிண்டல் மட்டம் வந்தபோது பெல்ட்டுக்கான கம்பி வரவில்லை. கம்பி வந்து, கட்டி, கான்கிரீட் போட்டு, தண்ணீர் ஊற்றிக் காயவிட மூன்று வாரம் ஆகும். திருநாளுக்கு இருந்தது ஐந்து வாரம், தளமும் போட்டாக வேண்டும். ஆயர் தேதியை மாற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஜன்னலுக்கு மட்டும் லிண்டல் வைத்துவிட்டுச் சுவரைத் தூக்கிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. பூசிவிட்டால் யாருக்குத் தெரியும்?

கம்பி அடுத்த வாரம் வந்தது அக்கா. திருப்பி அனுப்பினால் கேள்வி வரும் என்று அத்தனையையும் பள்ளி வாசலில் மாதா சிலை நிற்கிற கெபிக்குள் போட்டுக் கட்டினேன். மரியான்கொட்டாயில் எது விழுந்தாலும் கெபி விழாது. பிள்ளைகள் தினம் அதன் முன்னால் நின்று ஜெபம் சொல்லிவிட்டு அந்தச் சுவர்களுக்குள் போவார்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரிடம் கேட்டு மைக் வாங்கினேன். சொன்னேன். பள்ளி கட்டினபோது கட்டிடக் கமிட்டியில் இருந்தவர் அருள்சாமி மாமா, அவர் எழுந்தார். "பொய் சொல்றான். நான் தெனம் நின்னு பாத்த வேல அது. உளியக் கொண்டாடா, கொத்திக் காட்டு" என்றார். ஊரே பள்ளிக்கு வந்தது. அவர்கள் முன்னால் ஏணி போட்டு நானே கொத்தினேன்.

பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் கோயிலுக்குள் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஓட்டுக்கூரை, பழைய தடித்த சுவர், உன் படிவப்படி அது பரவாயில்லை. கார்டு இத்துடன். கருவி அன்று பள்ளியில்தான் இருந்தது, நோட்டில் எழுதிவிட்டேன்.

10.11.2024. காலை 9.40 முதல் 12.00 வரை. காரணம்: பள்ளிச் சுவரை மேஸ்திரி ஆண்டோ கொத்தினார்.

தம்பி

*

ஐதராபாத்
27.11.2024

மரியே வாழ்க.

என் அன்புத் தம்பிக்கு,

படிவத்தை மூன்று முறை படித்தேன். பட்டியலில் முதல் கட்டிடமாகச் சேர்த்துவிட்டேன். நான் எழுதிய வார்த்தை எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குத் தெரியுமா? என்ன சொன்னார்கள்? சாப்பிடுகிறாயா நீ?

கார்டைப் பார்த்தேன். உன் ஒவ்வொரு அடியும் இருக்கிறது. முதலில் வேகமாக, பிறகு ஓய்ந்து ஓய்ந்து. நாலு மூலையும் கொத்தியிருக்கிறாய், ஏணி மாற்றுவதுகூடத் தெரிகிறது. ஆனால் பத்து ஐந்திலிருந்து பத்து பதினாறு வரை ஒன்றுமே இல்லை. பதினோரு நிமிஷம். அத்தனை பேர் நிற்கிற இடத்தில் காலடிகூட அசையவில்லை.

உன்னை யாராவது அடித்துவிட்டார்களா? மறைக்காமல் எழுது. இனிமேல் நமக்குள் வெறும் கட்டம் வேண்டாம்.

உன் அக்கா,
ஆக்சிலியா

*

மரியான்கொட்டாய்
09.12.2024

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு,

புயல் மழை ஓய்ந்துவிட்டது, எல்லோரும் நலம். அம்மா என்னோடு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், "சோத்த வெச்சிருக்கன், தின்னுட்டுப் போ" என்றது. அவ்வளவுதான்.

நீ மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதத்தைப் பார்த்து எஞ்சினியர் ஒருவர் வந்து அளந்துகொண்டு போனார். தளத்துக்கு முட்டுக் கொடுத்து, சுவருக்கு உள்ளும் புறமும் கம்பிவலை சுற்றி, புதுப் பெல்ட் போடலாம் என்கிறார். வேலையை ஏரியூர் அர்ச்சுனன் மேஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கொடுக்கவில்லை. நியாயம்தான். பள்ளித் திறப்புக் கல்வெட்டில் என் பெயரைச் சுரண்டிவிடுங்கள் என்றேன். அருள்சாமி மாமா, "இருக்கட்டும்டா, படிக்கறவன் படிக்கட்டும்" என்றுவிட்டார். நான் அர்ச்சுனனிடம் சித்தாளாகச் சேர்ந்திருக்கிறேன். மணல் சலிக்கிறேன், கலவை தூக்குகிறேன். கம்பி ஒவ்வொன்றும் உள்ளே போகிறதா என்று நின்று பார்க்கிறேன். அவனுக்கு என்மேல் எரிச்சல்.

கருவியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். இந்தக் கார்டில் உன் ஆடுகள் காலையில் எழுந்திருக்கும், பார்.

யாரும் என்னை அடிக்கவில்லை அக்கா. அடித்திருக்கலாம்.

பத்து ஐந்துக்குப் பூச்சு முழுக்க உதிர்ந்து லிண்டலுக்கு மேலே வெறும் செங்கல் தெரிந்தது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் செங்கல்தான். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராஜாமணி அக்கா இரண்டு பிள்ளைகளையும் இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டது. அப்போது கூட்டத்திலிருந்து ஜெர்லின் முன்னால் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவள் சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

"அப்பா, அப்ப எனக்கு மட்டும் ஏம்ப்பா காய்ச்சல்னு சொன்ன?"

உளியைப் பிடித்துக்கொண்டு ஏணி மேலேயே நின்றேன். அவளும் போகவில்லை, ஊரும் போகவில்லை. அந்தப் பதினோரு நிமிஷம் அதுதான்.

இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

உன் தம்பி,
ஆண்டோ